பெரிதாக்கப்படாதது

ஜூலியா மார்கரெட் கேமரன் தன் புகைப்படங்களை அட்டையில் ஒட்டிய பிறகு, படத்துக்குக் கீழே மிஞ்சும் வெற்றிடத்தில் மையால் எழுதுவார். நேரில் எடுத்தது என்பார், பதிவு செய்யப்பட்ட படம், உரிமை என்னுடையது என்பார், கையொப்பமிடுவார். பல படங்களில் இன்னொரு குறிப்பும் உண்டு: பெரிதாக்கப்படாதது. அவருடைய கண்ணாடித் தகடுகள் முதலில் 11க்கு 9 அங்குலமாகவும் பிறகு 15க்கு 12 அங்குலமாகவும் இருந்தன. முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளின்மேல் அந்தத் தகட்டை நேராக வைத்து வெயிலில் காட்ட வேண்டும். தகட்டின் அளவு எதுவோ அதுதான் படத்தின் அளவு. ஒரு மனிதத் தலையைக் கிட்டத்தட்ட அதன் உண்மையான அளவிலேயே கண்ணாடியில் பிடித்தேன் என்ற பெருமிதத்தைத்தான் அவர் அந்த ஒற்றைச் சொல்லில் எழுதிவைத்தார்.

இன்று அதே முகங்களை இரண்டடிக்கு மூன்றடி அலுமினியத் தகட்டில் வாங்கிச் சுவரில் மாட்டலாம். கேமரன் 1879இல் இறந்துவிட்டார். படங்களின் மீதான உரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. நல்ல தெளிவுள்ள கோப்பு ஒன்று கையில் இருந்தால் யாரும் அச்சிடலாம், யாரும் விற்கலாம். அப்படி விற்கப்படும் படங்களில் அட்டையின் விளிம்பு இருப்பதில்லை. கையெழுத்து, கையொப்பம், 'பெரிதாக்கப்படாதது' என்ற குறிப்பு எல்லாம் வெட்டப்பட்டுவிடுகின்றன. முகம் மட்டும் பெரிதாக்கப்பட்டு மிஞ்சுகிறது.

மெட்டல் பிரிண்ட் என்று கடைகளில் சொல்லப்படுவது எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. படத்தை முதலில் ஒரு தனித் தாளில் இடவலம் மாற்றி அச்சிடுகிறார்கள். பாலியெஸ்டர் பூச்சுள்ள அலுமினியத் தகட்டின்மேல் அந்தத் தாளைக் கவிழ்த்துவைத்து ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் புகுந்து, ஆறியதும் அங்கேயே தங்கிவிடுகிறது. உலோகத்தில் அச்சிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் முகம் உண்மையில் ஒரு பிளாஸ்டிக் படலத்துக்குள் இருக்கிறது. சட்டம் வேண்டாம், கண்ணாடி வேண்டாம். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, ஈரத்துணியால் துடைக்கலாம், குளியலறையிலும் மாட்டலாம் என்பது விற்பனை வாசகம். பின்புறம் சிறு கட்டை வைத்துச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டுவதால், முகம் எதிலும் ஒட்டாமல் மிதப்பதுபோல் தெரியும்.

உலோகம் என்பதால் மட்டும் நான் முகம் சுளிக்கவில்லை. புகைப்படம் உலகத்துக்கு அறிமுகமானதே உலோகத்தில்தான். 1839இல் பாரீசில் அறிவிக்கப்பட்ட டாகுரியோடைப், வெள்ளி பூசிய செப்புத் தகடு. பின்னால் வந்த டின்டைப்புக்குப் பெயரில்தான் தகரம், தகடு இரும்பு. கேமரனின் தாளிலும் உலோகம் உண்டு. உருவத்தைத் தாங்கி நிற்பது வெள்ளி. அந்த வெள்ளியின் நிறம் நிலைக்கத் தங்கக் கரைசலில் நனைப்பது அந்தக் காலத்து வழக்கம். எனக்குள்ள சிக்கல் வெட்டப்பட்ட அந்த விளிம்பில் இருக்கிறது. அந்த விளிம்பில் யாருடைய பெயர் இருந்தது, யாருடைய பெயர் முதலிலிருந்தே இல்லை என்பதில் இருக்கிறது.

கேமரனைப் பெண்ணியக் கலை வரலாறு கொண்டாடியதற்குத் தக்க காரணங்கள் உண்டு. கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவோடு தொடங்கினார். ஈரமான ரசாயனம் பூசிய கண்ணாடி உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள் கழுவ வேண்டிய வேலை அது. வீட்டுக் கோழிக்கூடே அவருக்கு ஸ்டுடியோ. தகட்டில் விழுந்த புள்ளிகளையும் விரிசல்களையும் கைரேகைகளையும் மங்கலையும் ஆண் விமர்சகர்கள் கையாலாகாத்தனம் என்றார்கள். அவர் அவற்றை அப்படியே விட்டார். டென்னிசன், கார்லைல், டார்வின், ஹெர்ஷல் என்று அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் அவர் முன் உட்கார்ந்தார்கள். 1926இல் வர்ஜீனியா வூல்ஃபும் ரோஜர் ஃப்ரையும் முன்னுரைகள் எழுதி அவருடைய படங்களை நூலாகக் கொண்டுவந்தபோது வைத்த தலைப்பு, புகழ்பெற்ற ஆண்களையும் அழகிய பெண்களையும் பற்றியது. வூல்ஃபுக்கு அவர் பெரியபாட்டி முறை. கிண்டலும் கலந்த தலைப்புதான். ஆனாலும் பிரிவினை சரியாகவே விழுந்திருக்கிறது. ஆணுக்குப் புகழ், பெண்ணுக்கு அழகு. இவை இரண்டிலும் சேராதவர்களும் கேமரனின் முன் நின்றிருக்கிறார்கள்.

1875இல் கேமரன் தம்பதியர் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்குப் போனார்கள். கணவர் சார்லஸ் ஹே கேமரன், 1830களில் இலங்கையின் நீதித்துறைச் சீர்திருத்தங்களுக்குப் பரிந்துரை எழுதிய ஆணையத்தின் இருவரில் ஒருவர். அந்தத் தீவில் நிலமும் வாங்கியிருந்தார். குடும்பத்தின் வருமானம் மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களிலிருந்து வந்தது. 1869இல் காப்பி இலையில் துரு நோய் தென்பட்டது. தோட்டங்கள் நொடிக்கத் தொடங்கின. கப்பலில் இரண்டு சவப்பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்ற கதையை ரசித்துச் சொல்வார்கள். அந்தக் காப்பியைப் பறித்தவர்கள் ராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் பின்னால் போனவர்கள் என்பதும், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தார்கள் என்பதும், அந்த நடையில் கணக்கில்லாமல் செத்தார்கள் என்பதும் கேமரனைப் பற்றிய கதைகளில் அவ்வளவாக வருவதில்லை. இங்கிலாந்தில் அவர் வாங்கிக் குவித்த வெள்ளி நைட்ரேட்டுக்கு இந்த நடையும் விலை கொடுத்திருக்கிறது.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. தாவர ஓவியர் மரியான் நார்த் 1877இல் களுத்துறை வீட்டில் அவரோடு தங்கினார். அந்த வீட்டைப் பற்றி அவர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். சுவரெல்லாம் அற்புதமான புகைப்படங்கள். மேசை, நாற்காலி, தரை என்று எங்கும் சிதறிக் கிடக்கும் படங்கள், அவற்றோடு ஈரம் ஏறிய புத்தகங்கள். நார்த்தையும் கேமரன் சும்மா விடவில்லை. காஷ்மீர் சால்வை போர்த்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டுப் படமெடுத்தார். அதே பக்கத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. உள்ளூர் மனிதர் ஒருவரின் முதுகு கேமரனுக்கு மிகவும் பிடித்துப்போனது. அந்த முதுகுக்காகவே அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் பிடிவாதம் பிடித்திருக்கிறார். வீட்டில் தோட்டமே கிடையாது. தோட்டக்காரர் என்ற சொல்லின் பொருளும் அந்த மனிதருக்குத் தெரியாது. நார்த் இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். நான் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறேன். ஒரு முதுகு சம்பளத்துக்கு அமர்த்தப்படுகிறது. நார்த் தன் சால்வையை நினைத்துச் சிரிக்கவும் அதை எழுதிப் புத்தகமாக்கவும் முடிந்தது. அந்த முதுகுக்குரியவர் என்ன நினைத்தார் என்பதற்குப் பக்கம் இல்லை.

அசையாமல் இருப்பதும் வேலைதான். கேமரனின் தகடுகளுக்குச் சில வேளைகளில் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. ஃப்ரெஷ்வாட்டரில் அவருக்காக அப்படி நின்றவர்களில் முக்கியமானவர்கள் அவர் வீட்டு வேலைக்காரப் பெண்கள். மேரி ஹில்லியர் எத்தனையோ முறை மரியன்னையாக உட்கார்ந்தார். மேரி ரயன் ஓர் ஐரிஷ் பிச்சைக்காரப் பெண்ணின் மகள். கேமரன் வீட்டில் வளர்ந்தவர். அவருடைய படத்தைக் கண்டு மயங்கிய ஹென்றி காட்டன் 1867இல் அவரை மணந்தார். அதே காட்டன்தான் 1904இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவரானார். இந்த இரண்டு வேலைக்காரப் பெண்களின் பெயர்களும் நமக்குத் தெரியும். அருங்காட்சியக அட்டவணைகளில் இருக்கின்றன. எங்கே பிறந்தார்கள், யாரை மணந்தார்கள் என்றெல்லாம் ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இலங்கையில் அதே கேமரா முன், அதே பெண்மணிக்காக, அதே போல அசையாமல் நின்றவர்களுக்கு அட்டையில் கிடைத்தவை ஊரும் இனமும் தொழிலும்தான்.

1878இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. களுத்துறைக் குடியானவர் குழு என்று தொடங்கி, அந்தப் பெண்ணுக்கு 12 வயது என்றும், கிழவர் தான் அவளுடைய தகப்பன் என்று சொல்வதாகவும், தனக்கு நூறு வயது என்று கூறிக்கொள்வதாகவும் அது நீளுகிறது. வயது கேட்டிருக்கிறார். உறவு கேட்டிருக்கிறார். விடையை நம்பாமல், 'சொல்கிறார்', 'கூறிக்கொள்கிறார்' என்று தன் ஐயத்தையும் பதிந்திருக்கிறார். இவ்வளவு பேச்சு நடந்த இடத்தில் பெயரைக் கேட்க ஒரு நொடி ஆகியிருக்காது. அல்லது கேட்டு, சொல்லி, எழுதத் தேவையில்லை என்று விடப்பட்டிருக்கும். எப்படியானாலும் அந்த அட்டை விளிம்பு ஒரு சாட்சி. பெயர் இல்லாமற்போனது தற்செயலாக நடக்கவில்லை என்பதற்கு அந்த நீண்ட தலைப்பே ஆதாரம். மெட்டல் பிரிண்ட்டில் வெட்டிப்போடப்படுவது இந்த ஆதாரம்தான். அது போன பிறகு மிஞ்சுவது கனவு காணும் கண்களுடைய ஒரு கீழைநாட்டுச் சிறுமி, வரவேற்பறைச் சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாக.

புள்ளிகளும் விரிசல்களும் கூடப் போய்விடுகின்றன. அச்சிடுவதற்கு முன் கணினியில் துப்புரவு செய்துவிடுகிறார்கள். பளபளப்பான தகட்டில் ஒரு கீறல் இருந்தால் வாங்குபவர் சரக்குப் பழுது என்று திருப்பி அனுப்பிவிடுவார் அல்லவா! அந்தக் காலத்து விமர்சகர்கள் கேமரனிடம் கேட்டுக் கிடைக்காததை இன்றைய அச்சகம் கேட்காமலே செய்து கொடுக்கிறது.

இந்தப் பெண்களை 'நம் பெண்கள்' என்று சொந்தம் கொண்டாடத் தமிழ் வாசகருக்குக் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுக்கிறது. களுத்துறை தென்மேற்குக் கரையில் இருக்கும் சிங்களப் பெரும்பான்மை ஊர். அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் தமிழச்சியா, சிங்களத்தியா என்று தலைப்பு சொல்லவில்லை. எங்கள் முப்பாட்டி என்று அவளுக்கு ஒரு பெயர் சூட்டி மாட்டினால், கேமரன் செய்ததையே வேறொரு மொழியில் செய்தவர்களாவோம். ஆனால் பெயரில்லாமை என்ன செய்யும் என்பதை மலையகத் தமிழர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு என்பதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. காலையில் பிரட்டுக்குப் போய், கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சோறு. அப்படிக் கூலிக்காக எழுதப்பட்ட பேர் குடியுரிமைக்குச் செல்லவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன்வழி முன்னோர் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தாய்வழிச் சான்று செல்லாது என்பதையும் பெண்ணியவாதிகள் குறித்துக்கொள்ள வேண்டும். பிறப்பைப் பதியாத தலைமுறைகளின் பிள்ளைகள் எதைக் காட்டுவார்கள்? லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். ஒரு படத்தின் அடியில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது ரசனைப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

பெயரைத் தானே அச்சடித்துக்கொண்ட ஒருத்தியும் அதே காலத்தில் இருந்தார். லண்டனில் கேமரன் தன் படங்களைப் பதிவேட்டில் பதியத் தொடங்கிய அதே 1864இல், அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள நீதிமன்ற அலுவலகத்தில் சொஜர்னர் ட்ரூத் தன் உருவப்படத்துக்குத் தன் பெயரிலேயே உரிமை பதிந்தார். அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். மூக்குக் கண்ணாடி, வெள்ளைத் தொப்பி, கையில் பின்னல் வேலை என்று எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தார். உள்ளங்கையளவு அட்டைகளாக அவற்றைக் கூட்டங்களில் விற்றுப் பிழைத்தார். உடலைக் காக்க நிழலை விற்கிறேன் என்ற பொருளில் ஒரு வாசகத்தையும் அட்டையின் கீழே அச்சிட்டார். வழக்கமாகப் படத்தின் உரிமை எடுத்தவருக்குப் போகும். இங்கே எடுக்கப்பட்டவர் அதைக் கைப்பற்றிக்கொண்டார். சந்தையில் விற்கப்பட்ட உடல் தன் நிழலைத் தானே விற்றது. ட்ரூத்தின் படத்தை ஒருவர் அலுமினியத்தில் அச்சிட்டு மாட்டினால் எனக்குப் பெரிய தடையில்லை, அந்தக் கீழ்வாசகத்தை வெட்டாதவரை. பரவ வேண்டும் என்றே அந்தப் படத்தை அவர் எடுக்கச் செய்தார்.

எதிர்முனையில் டெலியா இருக்கிறார். 1850இல் தென் கரோலினாவில், இனங்கள் தனித்தனியாகத் தோன்றின என்று நிறுவ விரும்பிய ஹார்வர்டு விஞ்ஞானி லூயி அகசிஸுக்காக, அடிமைப்பட்ட பெண்ணான டெலியாவையும் அவருடைய தந்தை ரெண்டியையும் ஆடை களைந்து டாகுரியோடைப் எடுத்தார்கள். அந்தத் தகடுகள் 1976இல் அருங்காட்சியகப் பெட்டி ஒன்றில் கிடைத்தன. ரெண்டியின் வழித்தோன்றல் என்று தமாரா லனியர் 2019இல் வழக்குத் தொடுத்தார். 2025இல்தான் தகடுகளைச் சார்ல்ஸ்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்க ஹார்வர்டு இணங்கியது. உலோகத்தில் இருந்த முகத்தை மீட்க ஒரு குடும்பம் ஆறு ஆண்டு வழக்காட வேண்டியிருந்தது. களுத்துறைச் சிறுமிக்காக வழக்குப் போட யாரும் வர முடியாது. வருவதற்குப் பெயர் வேண்டும்.

சரி, அப்படியானால் காட்டவே கூடாதா? அல்ஜீரியப் பெண்களின் காலனிய அஞ்சலட்டைகளை விமர்சித்து மாலெக் அலூலா 1981இல் நூல் எழுதினார். விமர்சிப்பதற்காக அந்தப் படங்களையே பக்கம் பக்கமாக அச்சிட்டார். அந்தப் பெண்கள் இன்னொரு முறை விரித்துவைக்கப்பட்டார்கள் என்று பெண்ணியவாதிகள் கேட்டது நியாயம். ஆனால் பூட்டிவைத்தாலும் அவர்கள் அருங்காட்சியகத்தின் சொத்தாகவே இருப்பார்கள். என் நிலைப்பாடு இவ்வளவுதான். காட்டுங்கள், முழு அட்டையோடு காட்டுங்கள், அதன் அளவிலேயே காட்டுங்கள், தலைப்பை முழுமையாகத் தமிழில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பது பார்ப்பவர் கண்ணில் படட்டும்.

இதை எங்கள் கல்லூரியில் சொன்னபோது சண்டைதான் வந்தது. பெண்ணிய ஆய்வறையின் சுவருக்குப் பத்து உருவப்படங்கள் மெட்டல் பிரிண்ட்டாக வாங்கப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். மாணவிகள் தேர்ந்தெடுத்த பட்டியலில் கேமரன் எடுத்த இலங்கைப் பெண் ஒருத்தியும் இருந்தாள். "அந்தப் பார்வையைப் பாருங்க மேம், எவ்வளவு கம்பீரம்!" என்றார்கள். கம்பீரம் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தப் பெண்ணின் இடத்தில், மலையகத் தோட்டங்களில் 1930களிலும் 40களிலும் பாட்டுக் கட்டிப் பாடித் தொழிலாளரைத் திரட்டிய மீனாட்சியம்மாள் நடேசய்யரை வைக்கலாம் என்றேன். பெயரும் சொல்லும் நமக்குக் கிடைத்திருக்கும் பெண். "பெரிய தலைவியை மாட்டுவது சுலபம் மேம், சாதாரணப் பெண் எங்கே?" என்று ஒருத்தி திருப்பிக் கேட்டாள். நல்ல கேள்வி.

கேட்டவள் முதுகலை இரண்டாம் ஆண்டு. கோத்தகிரிக்காரி. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்த குடும்பம். அவளுடைய அப்பாயிக்கு இளவயதில் எடுத்த படம் என்று ஒன்றே ஒன்றுதான். தாயகம் திரும்புவதற்கான பாஸ்போர்ட்டில் ஒட்டியது. கன்னத்தின்மேல் பாதி முத்திரை. எழுதச் சம்மதம் வாங்கித்தான் இதை எழுதுகிறேன். "எங்க அப்பாயியை மெட்டல்ல போடணும் மேம்" என்றாள். நான் முகத்தில் என்ன காட்டினேனோ, அவளே விளக்கினாள். "வீட்டுச் சுவர் மழைக்காலத்துல ஊறிப்போயிடும். பேப்பர்ல போட்டா ஒரே வருசத்துல பூஞ்சை பூத்துடும். எங்க தாத்தா படம் அப்படித்தான் போச்சு."

களுத்துறை வீட்டின் ஈரம் ஏறிய புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. குளியலறைக்கும் ஏற்றது என்ற விற்பனை வாசகத்தை நான் கேலி செய்ததுண்டு. மழை நேராகச் சுவரில் இறங்கும் வீடுகளுக்கும் அது ஏற்றது என்பது கேலிக்குரியதாக இல்லை.

அச்சகத்துக்கு அவளோடு நானும் போனேன். கணினியில் உட்கார்ந்திருந்த பையன் முகத்தை மட்டும் பிரித்தெடுத்து, முத்திரையை அழித்து, சேலைக்கு நிறம் கொடுத்து, இரண்டடிக்கு மூன்றடியில் மாதிரி காட்டினான். கைதேர்ந்த பையன்தான். அப்பாயி சினிமா நடிகைபோல் இருந்தார். அவள் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டின் அந்தப் பக்கம் முழுவதையும் போடச் சொன்னாள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம் என்று ஒரு தோட்டத்தின் பெயர், கைநாட்டு, எல்லாம்.

"படம் ரொம்பச் சின்னதா போயிடுமேக்கா."

"பரவால்ல. பாஸ்போர்ட் எவ்வளவோ அவ்வளவே போடுங்க."

அவ்வளவு சிறிய தகடு வெட்டுவதில்லை, குறைந்தது எட்டுக்குப் பத்து அங்குலம் என்றான். பேரம் பேசி, சுற்றிலும் வெள்ளை விட்டு நடுவில் உண்மை அளவில் அச்சிட ஒப்புக்கொண்டான். வெற்றிடத்துக்கும் சேர்த்துத்தான் காசு என்று இரண்டு முறை சொன்னான். கேமரனின் படத்தை என்ன செய்வது என்று ஆய்வறைக் குழு இன்னும் முடிவு செய்யவில்லை. மீனாட்சியம்மாளுக்கு அச்சிடத் தகுந்த தெளிவுள்ள படம் தேடிக்கொண்டிருக்கிறோம்.